அம்சவல்லி நீட்டிய டம்ளர்

பாபநாசம் பக்கத்தில் எங்கள் தெரு. அங்கே அம்சவல்லி பேச்சை எடுத்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் தெருக்காரிதான் அவள்; நிலக்காரர் துரைராசு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய கிரீன் டீயை அங்கே கொதிக்கவைத்து, கசக்கிறது என்று கொட்டினார்கள். அம்சவல்லிதான் இலையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் ஊறப்போட்டால் காலையில் வடிகட்டலாம். எலுமிச்சை வில்லை, மாதுளை முத்து, கிள்ளிப்போட்ட புதினா, துளசி. கசப்பே இருக்காது. துரைராசு மனைவி சாவித்திரி வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தன் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொள்வார்.

எங்கள் பதினான்கு வீடுகளும் துரைராசு இடத்தில் இருந்தன. தாத்தா காலத்தில் பண்ணை வேலைக்காகக் கொடுத்த மனை. ஆட்சி மாறும், கரைவேட்டி மாறும், பட்டா மட்டும் வராது. லாட்ஜ் கட்ட வேண்டும், காலி செய்யுங்கள் என்றார் அவர். மனுக் கொடுத்தோம். தாசில்தார் அவர் வீட்டு வாசலிலேயே பேச்சுவார்த்தை வைத்தார். பகையாளி வீட்டில் தண்ணீர் குடித்தால் பகை தீர்ந்ததாகத்தான் எங்கள் பக்கம் கணக்கு. அதனால் தெருப் பெரியவர் வீரையன் முன்பே சொல்லியிருந்தார்: "ஒரு வாய்த் தண்ணி தொடக் கூடாது."

சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"நாங்க குடுத்தா வாங்க மாட்டாங்க. நீ போட்டதுதானே, நீயே குடு" என்று சாவித்திரி அந்த டீயோடு அம்சவல்லியை அனுப்பினார். யார் யாரோ குடித்ததைத் தன் ஜனமும் ஒருநாள் குடிக்கட்டும் என்று அவளுக்கு ஆசை. வேறு ஒன்றுமில்லை.

"நான் போட்டதுதான் மாமா, குடிங்க" என்று வீரையனிடம் நீட்டினாள். நம் வீட்டுப் பெண் கொடுப்பது நம் வீட்டுத் தண்ணீர் என்று அவர் வாங்கினார். எல்லோரும் வாங்கினோம்.

துரைராசு எழுந்தார். "குடிச்சாச்சுல்ல வீரையா? அப்ப பகை முடிஞ்சுது. சார், சமரசமா காலி பண்றாங்கன்னு எழுதிக்குங்க."

வீரையன் மறுத்திருக்கலாம். குடித்துவிட்டு இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரோஷமாம். அதை வைத்துக் கூரையா வேய முடியும்?

இப்போது வாய்க்கால் ஓரப் பள்ளத்தில் இருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அம்சவல்லி அன்றே வேலையை விட்டாள். ஆனாலும் அவள் கையால் தெருவில் யாரும் எதுவும் வாங்குவதில்லை. புருஷன் ரெத்தினமே பானையில் தானே மொண்டு குடிக்கிறான்.

அன்று சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தவர்கள் பதினான்கு பேர். நானும் ஒருத்தி. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.