ஒரே ஒழுங்கில் ஐந்து கேள்விகள்

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கட பக்கக் கோட்டில் நின்றவர்கள் இவர்கள்.

கோச். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். மாற்று ஆட்டக்காரர் மூன்று பேர். கப்டன் ரெஜியின் மனைவி, குடையோடு. அன்புவழிபுரத்து ஓட்டோ யோகன் — ஒரு மெச்சும் தவறவிடமாட்டார், ஒரு மெச்சிலும் வாய் மூடமாட்டார். கிண்ணியாவில் இருந்து எங்கட ஆட்டக்காரர் இர்பானின் மாமனார், மெச் பார்க்க முதல் தரமாக வந்தவர். கம்பத்துக்குப் பின்னால் நாலு மான், விரட்டியும் போகாதவை.

கடைசியாக நான். வாளி, பஞ்சு, ஐஸ், ஒரு அட்டை.

இந்தப் பத்தியில் நான் துறைமுகக் கதைதான் எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கிழமை றக்பி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கட கிளப் சின்னது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், மேசன்மார், ரெண்டு மாஸ்டர்மார். ஷிப்ட் முடிந்து வந்து ஓடுவார்கள். கப்பல் வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இந்த சீசனில் எட்டு மெச். ஆறு வென்றோம். கிளப் துவங்கின நாளில் இருந்து முதல் தரமாகக் கிண்ணத்துக்கான அரையிறுதி. அதுவும் சொந்த கிரவுண்டில்.

என்ர வேலை என்ன? முந்தி விளையாடினனான். முழங்கால் போன பிறகு வாளி தூக்கினனான். எல்லாரும் வாளி அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தி கொழும்பில் இருந்து ஒரு டொக்டர் வந்து ஒருநாள் வகுப்பு வைத்தார். தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று. மற்றவர்களுக்கு ஷிப்ட். நான் போனனான். ஆளிடம் ஐந்து கேள்வி கேட்கவேண்டும். ஒன்று பிழைத்தாலும் வெளியே எடுக்கவேண்டும். அன்றைக்குத் திரும்ப விடக்கூடாது.

வீட்டுக்கு வந்து ஒரு அட்டையில் எழுதினேன். எந்த கிரவுண்ட்? எந்தப் பாதி? கடைசியாக ஸ்கோர் பண்ணினது ஆர்? போன மெச் ஆரோட? அதில் வென்றதா, தோற்றதா?

டொக்டர் இன்னொன்றும் சொன்னவர். ஐந்தும் சரியாகச் சொன்னாலும், ஆளைப் பார்க்கச் சந்தேகமாக இருந்தால் எடுத்துவிடு என்று. அதை நான் எழுதவில்லை. அட்டையில் இடம் காணவில்லை.

மூன்று வருஷமாக அதே அட்டை. அதே ஐந்து. அதே ஒழுங்கு.

பெடியள் விடுவார்களா? பாடமாக்கிவிட்டார்கள். மெச்சுக்கு முன் ரெஜி எல்லாரையும் வட்டமாக நிறுத்துவார். முதலில் ஒரு ஜெபம். பிறகு ஒரு துஆ. பிறகு ஒரு தேவாரம். பிறகு...

"கிரவுண்ட்?"

"துறைமுகம்!"

"போன மெச்?"

"குருநாகல்!"

"வெண்டதா?"

"ஓம்!"

மூன்றாவது கேள்விக்கு முன்கூட்டிப் பதில் சொல்ல ஏலாதே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். எங்கட ஆள் ஸ்கோர் பண்ணினால் டீம் முழுக்க அவருடைய பெயரை மூன்று தரம் கத்தும். பார்க்கிறவர்கள் பாராட்டு என்று நினைப்பார்கள். இல்லை. அது விடை.

"ஓ.எல். சோதனை பெயில் விட்டவனும் வாளி அண்ணையின்ர சோதனை பாஸ்" என்று யோகன் சொல்லுவார்.

எனக்குத் தெரியுமா? தெரியும். நானும் சேர்ந்து சிரித்தனான்.

எதிரே மலைநாட்டு டீம். எல்லாரும் உயரம். எங்களுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு கப்பல். நாலு பேருக்கு லீவு இல்லை. பதினெட்டுப் பேரோடு இறங்கினோம். கச்சான் காற்று வேறு. மண்ணை அள்ளிக் கண்ணுக்குள் போட்டது.

இர்பானுக்கு எட்டாம் நம்பர். ரெண்டு டீமும் எட்டெட்டுப் பேராகக் கோர்த்துக்கொண்டு தள்ளுகிற ஸ்கிரமில் கடைசியில் நிற்கிற ஆள். வயது இருபத்தேழு. தொழில் சங்கு குளிக்கிறது, மாமனாரின் போட்டில். மூச்சு என்றால் அப்படி ஒரு மூச்சு. முழு மெச்சும் ஓடி முடித்து நின்று பகிடி விடுவார்.

இடைவேளைக்குப் பிறகு ரெஜி பந்தை அவர்களுடைய கோட்டுக்கு அங்கால வைத்து ட்றை போட்டார். "ரெஜி! ரெஜி! ரெஜி!" பதின்மூன்றுக்குப் பத்து, நாங்கள் முன்னுக்கு. மாற்று ஆட்டக்காரர் மூன்று பேரையும் அதற்குள் இறக்கிவிட்டோம். உள்ளே நின்றவர்களில் ஒருவருக்குத் தோளில் அடி, ரெண்டு பேருக்குக் காலில்.

இன்னும் இருபது நிமிஷம்.

அந்த நேரம் இர்பான் ஒருவரை மறித்து விழுத்தினார். விழுந்தவருடைய முழங்கால் இர்பானின் காதுக்கு மேலே பட்டது. பெரிய சத்தம் இல்லை. நான் கேட்டது ஒரு தேங்காயை மண்ணில் வைக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு எழும்பினார். எழும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வாளியோடு ஓடினேன்.

"ஒண்டுமில்லை அண்ணை" என்றார். கண் வெறித்திருந்தது. முகத்தில் சிரிப்பு.

அட்டையை எடுத்தேன். காற்று பறித்துக்கொண்டு போனது. மைதானத்துக்குக் குறுக்கே உருண்டு போனது. யோகன் அதைத் துரத்த, மான்கள் யோகனைப் பார்த்து ஓட, சனம் சிரித்தது.

அட்டை இல்லாமல் எனக்கு ஒழுங்கு வராது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"போன மெச் ஆரோட இர்பான்?"

"துறைமுகம்."

காற்றில் கேட்கவில்லையாக்கும் என்று கிட்டப் போனேன்.

"இர்பான். போன மெச். ஆரோட?"

"ரெண்டாம் பாதி."

பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "ரெஜி. குருநாகல். ஓம், வெண்டனாங்கள்." சொல்லி முடித்து என்னைப் பார்த்தார். பாஸ் பண்ணின முகம்.

அட்டையின் அதே ஒழுங்கு.

நடுவருக்குக் கை காட்டினேன். ஆள் வெளியே.

ரெஜி ஓடி வந்தார். "என்ன அண்ணை செய்யிறீங்கள்? மாத்த ஆள் இல்லை!"

"தெரியும்."

"பதில் எல்லாம் சரிதானே! நானும் கேட்டுக்கொண்டுதானே நிண்டனான்!"

"பதில் சரி. நான் கேட்டது அது இல்லை."

"இருபது நிமிஷம் அண்ணை. இருபது நிமிஷம்தான்..." ரெஜிக்கு முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வருஷம் இந்த ஜேர்சி போட்டவர். இனி ஒரு அரையிறுதி அவருக்கு வருமா? வராது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையைப் பிடித்தார். "அவனை சும்மா பின்னுக்கு நிப்பாட்டுறன். பந்துக்குப் போகமாட்டான். என்ர பொறுப்பு."

"ஏலாது ரெஜி."

கூட்டத்தில் இருந்து ஒருவர் கத்தினார்: "ஏய் வாளி, நீ எந்தப் பக்கம்?" யோகன் அட்டையோடு திரும்பி வந்து நின்றார். அவருக்கு அன்றைக்குத்தான் வாய் மூடினது.

பதினாலு பேர். ஸ்கிரமில் எட்டுக்கு ஏழு. பதினைந்து நிமிஷம் தாங்கினார்கள். அப்படித் தாங்கினதை நான் முந்திக் கண்டதில்லை. பிறகு எங்கட கோட்டுக்குக் கிட்ட ஒரு ஸ்கிரம். அவர்கள் எட்டுப் பேரும் ஒன்றாகத் தள்ளினார்கள். ஏழு பேரும் பின்னுக்குச் சறுக்கிச் சறுக்கிப் போனார்கள். பந்து கோட்டைத் தாண்டினது. அவர்களுக்கு ட்றை, ஐந்து புள்ளி.

பதினைந்துக்குப் பதின்மூன்று. முடிந்தது.

இர்பான் என் பக்கத்தில் இருந்தார். "மெச் துவங்கிட்டுதா அண்ணை?" என்றார். கொஞ்ச நேரம் போய்த் திரும்பவும், "மெச் துவங்கிட்டுதா?" மூன்றாம் தரம் கேட்கும்போது வாளிக்குள் சத்தி எடுத்தார். மாமனார் ஒரு பக்கம் பிடிக்க, நான் மற்றப் பக்கம் பிடிக்க, யோகனின் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மண்டைக்குள் சின்னதாக ரத்தம் கசிந்திருக்கிறது. ஒப்பரேஷன் வேண்டாம், வைத்துப் பார்ப்போம் என்றார்கள். இன்னொரு அடி விழுந்திருந்தால்? கேட்டேன். டொக்டர் ஸ்கான் படத்தைத் திரும்பக் கவருக்குள் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். நான் கிண்ணியாவுக்குப் போனேன். இர்பான் உள்ளே படுத்திருந்தார், வெளிச்சம் கூடாது என்று ஜன்னல் சாத்தி. மாமனார் கதிரை இழுத்துப் போட்டார்.

"நீங்க நல்ல வேல செஞ்சீங்க தம்பி. இவன் திங்கக்கிழம பன்னெண்டு பாகம் ஆழத்துக்கு எறங்க இருந்தவன். கீழ வெச்சு மயங்கினா யாரு கண்டா?"

சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மனம் விடவில்லை.

"நான் செய்யேல்லை. காத்துத்தான் செய்தது" என்றேன். அட்டைக் கதையைச் சொன்னேன். பாடமாக்கினதைச் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன்.

தேத்தண்ணி ஆறினது.

"அப்ப காத்து இல்லாட்டி?"

"கேட்டிருப்பன். சொல்லியிருப்பார். விட்டிருப்பன்."

"இதுக்கு முந்தி அப்பிடி விட்டீங்களா?"

"ஓம்."

"இவனையுமா?"

"ஓம். ஐந்தாம் மெச்சில."

அவர் எழும்பி ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. "மத்தவங்களும் வேலக்கிப் போறவங்கதானே தம்பி..." என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்து யோசித்தேன். ஆறு வெற்றி, அரையிறுதியோடு மூன்று தோல்வி என்று சீசனைக் கணக்குப் பார்க்கிறோம். பாஸ் பண்ணி உள்ளே போனவர்களை ஆர் கணக்குப் பார்த்தது? ஒருவர் திரும்பப் போய் எதிர்ப்பக்க ஆளின் கையில் பந்தைக் கொடுத்தார். சிரித்தோம். இன்னொருவர் மெச் முடிந்து சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டே சப்பாத்தைத் தேடினார். பகிடி விடுகிறார் என்று நினைத்தோம். அவர் கிரேனில் ஏறுகிறவர். அடுத்த நாளும் ஏறினார்.

பாலம் தாண்டுவதற்குள் முகம் முகமாக வந்தது. ஒவ்வொரு விரலாக மடித்தேன். அதற்கு மேல் அவர்களுடைய வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வேலை இல்லை. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஏன் என்றும் சொல்லவேண்டும். அது அடிபடுவதை விடக் கஷ்டம்.

நேற்றுக் காலை ரெஜி துறைமுகத்தில் நான் வேலை செய்கிற வின்ச்சடிக்கு வந்தார். மெச்சுக்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. வந்து ஒரு கயிற்றுக் கட்டின் மேல் இருந்தார். ஒரு படகு போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இர்பானிட்டப் போனனான்" என்றார்.

"ம்."

"ரெண்டாம் மெச்சில என்னட்டையும் அந்த ஐந்து கேள்வி கேட்டனீங்கள், என்ன?"

"ஓம்."

"ரெண்டு கிழமை தலையிடி அண்ணை. இரவில நித்திரை இல்லை. மனிசிக்கும் சொல்லேல்லை. சொன்னா நீங்கள் விளையாட விடமாட்டீங்கள் எண்டு..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கிளினிக். நீயும் வா" என்றேன்.

"வாறன்." எழும்பினார். நாலடி போய்த் திரும்பி நின்றார். "இந்த சீசன் இப்பிடி உள்ளுக்கு விட்டது மொத்தம் எத்தினை பேர் அண்ணை?"

ஒன்பது.