எட்டணா அகலச் சூரியன்

என் வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டால், சந்திரனைச் சூரியனுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவரே அவர்தான் என்று தோன்றும். பென்னாகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம், காலை நேரத்தில் சூரிய கிரகணம் என்று பேப்பரில் வந்ததும் அவரைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் பேசினார், பஸ் ஸ்டாண்டில் பேசினார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலிலும் நின்று பேசினார்.

"சூரியன் நிலாவ விட நானூறு மடங்கு பெருசுங்க. ஆனா நானூறு மடங்கு தூரத்துல இருக்குதுங்க. அதனாலதான் ரெண்டும் ஒரே அளவாத் தெரியுது. பானைக்கு மூடி போட்ட மாதிரி அப்படியே பொருந்தும்."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். ராகுவாவது கேதுவாவது என்று கடைசியில் ஒரு சிரிப்பு சிரிப்பார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், வேதக்காரக் குடும்பம்; அந்தச் சிரிப்பு சிரிக்க அவருக்கு உரிமை இருக்கிறது என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். தலைச்சன் பிள்ளை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால், பையன்களுக்குச் செய்து காட்டுவதற்கு முன்னால் என்னை வைத்து ஒத்திகை பார்த்தார். பித்தளைத் தாம்பாளத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நான் நிற்க வேண்டும். வாசற்படியில் அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணுக்கு முன்னால் நாலணாக் காசை நீட்டிப் பிடிப்பார். "இன்னும் பின்னால போ. போ. நில்லு. பொருந்திருச்சு!" என்று கத்தினார். கத்திய பிறகு நான் சும்மா நிற்கவில்லை. ரெண்டடி முன்னால் வந்தேன். காசைச் சுற்றித் தாம்பாளத்தின் விளிம்பு தெரிகிறதென்று சலித்துக்கொண்டார். நாலடி பின்னால் போனேன். இப்போது தாம்பாளமே காணோம் என்றார்.

"ஏங்க, அப்படின்னா பொருந்துறது தூரத்தைப் பொறுத்துத்தானே? நிலா எப்பவும் ஒரே தூரத்துலயா நிக்குது?"

"நிலா என்ன, உன்ன மாதிரி முன்னயும் பின்னயும் நடக்குமா? தாம்பாளத்தை ஒழுங்காப் புடி."

நடக்கும். பூமியைச் சுற்றும்போது கொஞ்சம் கிட்டே வரும், கொஞ்சம் எட்டிப் போகும். எட்டிப் போயிருக்கிற நாளில் மூடி பானைக்குச் சின்னதாகிவிடும். சுற்றிலும் வளையம் தெரியும். இந்தக் கிரகணமே அந்த ரகம்தான். வடக்கே சில இடங்களில் வளையமாகவும், நம் பக்கம் ஒரு ஓரம் கடித்த மாதிரியும் தெரியும் என்று அவர் வாங்கி வந்த பேப்பரிலேயே போட்டிருந்தான். நான் படித்தேன், அவர் படிக்கவில்லை. தலைப்பைப் படித்ததுமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

கிரகணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மாமியார் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"நாளைக்கி வயித்துப்புள்ளக்காரி வெளிய தலை காட்டக் கூடாது. புள்ள ஒதடு பொளந்து பொறக்கும், வெரலு கொறையும். தானியம் வெக்கிற ரூமுல இருக்கட்டும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஊருக்கே உபதேசம் செய்த வாய் திறக்கும் என்று காத்திருந்தேன். அவர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"எதுக்கும் இருக்கட்டுமே. ஒரு மூணு மணி நேரந்தானே."

"நிழலு விழுந்து புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே கோயில் வாசல்ல சொன்னீங்க?"

"அது பொதுவாச் சொன்னது. இது நம்ம வூட்டு விஷயம்."

அப்போது வந்த கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அந்தக் கிரகணத்தைப் பார்க்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடித் துண்டுகளை மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிக் கரி பிடிக்க வைத்ததே நான்தான். முப்பது துண்டு. அத்தனையும் மறுநாள் காலை பையன்களுக்குப் போயிற்று. நான் தானிய ரூமுக்குப் போனேன்.

மாமியார் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஜன்னலில் கோணிப்பை அடைத்தார். வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். என்னை உள்ளே விட்டுப் பூட்டி, பூட்டின் மேல் செபமாலையைத் தொங்கவிட்டுத் தீர்த்தமும் தெளித்தார். கிரகணப் பாம்பு கடிக்காமல் இருக்க மாதாவைக் காவலுக்குப் போட்ட குடும்பம் எங்களுடையது. அறிவியலுக்கு அறிவியல், செபத்துக்குச் செபம், உலக்கைக்கு உலக்கை. எதை நம்புகிறோம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எதற்குப் பயப்படுகிறோம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் காட்டுப் பக்கமிருந்து குரங்குகள் வந்து கூரையில் குதிக்கும். தானிய ரூமின் கிழக்குக் கூரையில் ஒரு ஓடு நகர்ந்து ரெண்டு மாதமாயிற்று. சரி பண்ணுங்கள் என்று நானும் ரெண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவருடைய சோம்பேறித்தனத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்தச் சந்துதான்.

கேழ்வரகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். மேற்குச் சுவரில், எட்டணாக் காசு அகலத்தில் ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. தினமும் அங்கே விழுவதுதான். வட்டமாக இருக்கும், நான் கவனித்ததில்லை. அன்றைக்கு அது வட்டமாக இல்லை. ஒரு ஓரம் கடித்தெடுத்த மாதிரி இருந்தது. மேலே பார்த்தேன். ஓட்டின் சந்து கோணல்மாணலாக, முக்கோணம் போல இருந்தது. அப்படியானால் இத்தனை நாள் சுவரில் விழுந்த வட்டம் சந்தினுடையது இல்லை, சூரியனே அதுதான்! என்னைப் பார்க்கவிடாமல் பூட்டினார்கள். இருட்டாக இருந்ததால்தான் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.

கடி மெல்ல மெல்லப் பெரிதாயிற்று. எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். வெளிச்சம் என் வயிற்றின்மேல், வெள்ளைச் சேலையில் விழுந்தது. நகர்ந்துவிட முடியும். நகரவில்லை. கொஞ்சம் பயம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் என் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கடிபட்ட சூரியன் மறுபடி முழு வட்டமாகும்வரை, அது நகர நகர நானும் நகர்ந்து, வயிற்றிலேயே வாங்கிக்கொண்டு நின்றேன். உள்ளே குழந்தை ரெண்டு தரம் உதைத்தது.

பூட்டைத் திறந்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார். "அடடா, பொருந்துச்சு பாரு! பானைக்கு மூடி மாதிரி!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிகூட மறையவில்லையே, இந்த மனிதர் எதைப் பார்த்தார்? மறுநாள் பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியின் புருஷனும் பார்க்கக் கூடாது என்று மாமியார் சொல்லியனுப்பியிருக்கிறார். மைதானத்தில் மொத்தப் பையன்களும் கரிக்கண்ணாடி வைத்து வானத்தைப் பார்க்க, வாத்தியார் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானூறு மடங்கைப் பற்றி லெக்சர் அடித்திருக்கிறார்.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது, மூக்கும் முழியுமாக. ஞானஸ்நான விருந்துக்கு ஏரியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சோற்றுப் பந்தியில் மாமியார் பெருமையாகச் சொன்னார்: "அன்னிக்கிப் பூட்டி வெச்சதாலதான் கொழந்த கொறையில்லாமப் பொறந்துச்சு." அவரும் தலையை ஆட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கையில் சாம்பார் வாளியோடு, எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அன்னிக்கி முழுக்கக் கிரகணம் என் வயித்து மேலதாங்க விழுந்துச்சு. ஓட்டுச் சந்து வழியா. நானேதான் நின்னு வாங்கிக்கிட்டேன்."

மாமியார் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் இலையை விட்டு எழுந்தார். ஒருவேளை சிரிக்கப் போகிறார், பார்த்தீர்களா நான் சொன்னேனே என்று ஊருக்குச் சொல்லப் போகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கையைக் கழுவினார். தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார். அப்புறம் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். பத்து. கொஞ்சம் நின்று, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

பூட்டினதை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த இரண்டாம் தரம் எண்ணியதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.