விற்ற பெயரோடு மகளின் பெயரும் போனது

மாப்பிள்ளையூரணியில் என் கணவர் நடத்திய கருப்பட்டிக் கடைக்கு இணையத்தில் ஒரு தளப் பெயர், டொமைன் என்பார்களே, அது இருந்தது. அவர் இறந்தபின் அந்தப் பெயரைச் சாயர்புரத்து வியாபாரி ஒருவருக்கு விற்றோம். கடையைக் கைமாற்றினால் சாவிக்கொத்தையே வெற்றிலையில் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதே நினைப்பில், அந்தப் பெயர் இருந்த கணக்கின் பாஸ்வேர்டைத் துண்டுத்தாளில் எழுதி, வெற்றிலையில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் என் மகள் செல்வி பதறிக்கொண்டு வந்தாள். அவள் பனங்கற்கண்டு விற்கும் இணையப் பெயரும் அதே கணக்கில்தான் இருந்திருக்கிறது. அந்த வியாபாரத்தில்தான் தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கிறாள்.

வியாபாரிக்குப் போன் செய்தோம்.

"கணக்கையே கையில தந்தது நீங்கதான ஆச்சி? உள்ள கெடக்கதெல்லாம் எனக்குத்தான்" என்று சிரித்தார்.

"ஏம்மா, ஒரு வீட்ட வித்தா அடுத்த வீட்டுச் சாவியையும் சேத்தா குடுப்பாவ?" என்று செல்வி என்னைக் கேட்டாள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தும் பெயர் இன்னும் திரும்பவில்லை. அவளுக்கு வரவேண்டிய ஆர்டரெல்லாம் அவருக்குப் போகிறது.

விற்ற பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கத் தனியாக ஒரு ரகசியக் குறியீடு உண்டாம். பிறகுதான் தெரிந்தது. இப்போது யாராவது இணையப் பெயரை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டால், கூச்சத்தை விட்டு நானே போய், "அந்தக் குறியீட்டை மட்டும் கொடுங்கள்" என்று சொல்கிறேன்.

செல்வி வேறு பெயரில் புதிதாகத் தொடங்கியிருக்கிறாள். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் போனைத் திருப்பிக்கொள்கிறாள்.