கடைசி அத்தியாயத்தில் கூட்டாளி எங்கே?

புவனேஸ்வரி அக்கா இறந்த செய்தி எனக்கு நாளிதழின் மரண அறிவிப்பில்தான் கிடைத்தது. படத்துக்குக் கீழே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று பெயர்கள். தகனம் முந்தைய நாளே முடிந்திருந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணித்துக்கொள்வதாகவும் இல்லை.

பினாங்கு ஸ்திரீட் சாப்பாட்டுக் கடை மாடியில் மாதாமாதம் நாவல் பேசக் கூடும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கப்பல் கம்பெனியில் கோப்பும் கணக்கும் பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். புது நாவல் கைக்கு வந்தால் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார். "சாகப்போறவங்க பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பாத்துட்டுத்தான் முதல் பக்கத்துக்குப் போவேன்" என்பார்.

சென்ற ஆண்டு நாம் தலையில் வைத்துக் கொண்டாடிய நாவல் நினைவிருக்கிறதா? இரண்டு தோழிகளின் கதை. பிரசவம், விவாகரத்து, நோய் எல்லாவற்றுக்கும் ஒருத்திக்கு மற்றவள்தான் துணை. கடைசி மருத்துவமனைக் காட்சியில், எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் வந்து கட்டிப்பிடித்து அழுகிறார்கள். தோழியைக் காணோம். அக்கா புத்தகத்தை மேசையில் ஓங்கி அடித்தார்.

"புத்தகம் பூரா இவதானே சொமந்தா? கடைசியில எங்க தொலைச்சாங்க அவள?"

"நெஜத்துலயும் அப்படித்தானே அக்கா நடக்குது" என்றேன்.

"நடக்குதுன்னா அப்படியே எழுதி வச்சிட்டுப் போறதா? எழுதறவனுக்குக் கோவம் வரவேணாமா லா?"

அவருக்கு அப்படியொரு கூட்டாளி இருந்தார். பழைய அலுவலகத் தோழி லெச்சுமி அக்கா. சிறுநீரகம் பழுதான பிறகு பாயான் பாரு வீட்டிலிருந்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போனதும், ஊசி குத்திய கையோடு படுத்திருந்தவருக்கு நாவல் வாசித்துக் காட்டியதும் அவர்தான். மகன் கோலாலம்பூரில் இருந்து விடுமுறைக்கு வருவார். அப்படி வந்திருந்தபோதுதான் அக்காவுக்கு மூச்சு முட்டி, மருத்துவமனையில் உயிர் போனது.

அறிவிப்பைப் பார்த்ததும் லெச்சுமி அக்காவுக்குத்தான் போன் செய்தேன். "கெரெத்தாவ எடுத்துட்டேன், புவனாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்புறம் பேசறேன்" என்றார் காருக்குள்ளிருந்து. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாவின் கைப்பேசி மகனிடம் இருந்தது. லெச்சுமி அக்கா இரண்டு நாளாக அதற்கு அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மகனிடம் கேட்டேன். "சொந்தக்காரங்களோட சிம்பிளா முடிச்சிட்டோம் ஆண்ட்டி. கூட்டாளிங்களுக்கு மெதுவா சொல்லலாம்னு இருந்தோம்" என்றார். தகனத்தை மெதுவாக வைக்க முடியவில்லை போலிருக்கிறது!

கருமாதிக்குப் போனோம். வெளியே கூடாரத்தில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பூப் போட அழைத்தபோது லெச்சுமி அக்கா எழுந்தார். "மொதல்ல சொந்தக்காரங்க ஆண்ட்டி" என்றார் மகன். லெச்சுமி அக்கா திரும்பவும் உட்காரப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போனேன்.

"நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டார் சடங்கு செய்தவர்.

"கூட்டாளி" என்றார் லெச்சுமி அக்கா, வீடு முழுக்கக் கேட்கும்படி. பூவை அவரே போட்டார். யாரும் தடுக்கவில்லை.

புவனா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கோபத்தை. இனி எந்த நாவலையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் திறப்பேன். படுக்கைக்குப் பக்கத்தில் கூட்டாளி இல்லையென்றால், எங்கே என்று கேட்பேன். வீடுகளிலும் கேட்பேன்.