சுளுக்கு என்று நான் உருவிய கழுத்து

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அயனம்பாக்கத்திலிருந்து கஸ்தூரி போன் செய்தாள்.

“இன்னாமே பண்ணிகினு கீற? கழுத்து புடிச்சிகிச்சு. வந்து உருவி உட்டுட்டுப் போ.”

நான் டாக்டர் இல்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். என்னிடம் இருக்கும் ஒரே தகுதி — இரட்டைப் பிள்ளை பெற்றவள்! இரட்டை பெற்றவள் கையால் உருவினால் சுளுக்கு போய்விடும் என்பார்களே... அந்தப் பட்டத்தோடுதான் முப்பது வருஷமாக உலவிக்கொண்டிருக்கிறேன்.

பட்டம் கொடுத்ததும் கஸ்தூரிதான்.

அப்போது இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் டி.வி.க்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். நீள மேஜை, முதுகு சாய்க்க முடியாத ஸ்டூல், நாளெல்லாம் குனிந்த தலை. யாருக்காவது கழுத்து பிடிக்காத நாள் உண்டா? லஞ்ச் பிரேக் வந்தால் என் முன்னால் வரிசை நிற்கும். வரிசைக்குக் கஸ்தூரி மேனேஜர். “ஏய், லைன்ல வா! கைராசிக்காரி மொதல்ல துன்னு முடிக்கட்டும்.” கூலியாக ஒரு துண்டு வறுத்த மீன், ஒரு முழம் கனகாம்பரம். நான் சம்பாதித்த காலங்களிலேயே ருசியான காலம் அது.

அதற்கும் முன்னால், வயிற்றில் இரண்டும் இருந்தபோது, ஆறாம் மாதத்திலேயே என்னால் குனிய முடியவில்லை. கஸ்தூரி தன் ட்ரேயை முடித்துவிட்டு என் ட்ரேயையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். சூப்பர்வைசர் கேட்டதற்கு என்ன சொன்னாள் தெரியுமா?

“அவ ரெண்டு புள்ளைய சொமக்கறா சார். நான் ரெண்டு ட்ரே சொமக்கக் கூடாதா?”

அப்படிப்பட்டவள் கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா? ஷேர் ஆட்டோவில் எஸ்டேட்டைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஏதோ கூரியர் கோடவுன். உள்ளே ஒரு பெண் தலை நிமிர்ந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். நல்லாயிரும்மா...

கஸ்தூரி வீட்டில் நுழைந்தால் — ஏரிக்காற்று உள்ளே புகுந்து சில்லென்று அடிக்கிறது. ஃபேனும் ஐந்தில் சுற்றுகிறது. அதற்கடியில் அவள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! ரவிக்கை தோளில் தொங்குகிறது. ஆள் பாதியாகியிருந்தாள்.

“எங்கடி நிவேதா?”

நிவேதா அவளுடைய மருமகள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். ஐ.டி.யில் வேலை.

“போய்ட்டா. திருமழிசைல அவங்க அக்கா ஊட்டுக்கு. பதினஞ்சு நாளாவுது.”

“ஏன்?”

“ஃபேன் போட்டா குளுருதாம். என் ஊட்ல நான் ஃபேன் போடக் கூடாதா?”

ஒரு மாதத்துக்கு முன்பு அந்த வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. முன்பு மாதிரி பயமில்லை. இரண்டு நாள் காய்ச்சல், நாலு நாள் இருமல், கஷாயம், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு கஸ்தூரிக்குத் தூக்கம் இல்லை. தொட்டதற்கெல்லாம் கத்தல். தட்டு பறந்திருக்கிறது. மகன் இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளமாகிவிட்டான். தெருவே சொன்னது — “மாமியார் குணம் வந்துட்ச்சி.”

நானும் அதைத்தான் நினைத்தேன். “மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க?” என்று திட்டிக்கொண்டே எண்ணெயைச் சூடு பண்ணினேன். பழமொழி கையில் இருந்தால் போதும், யோசிக்கிற வேலை மிச்சம். என் வியாதி அது.

கழுத்தில் கை வைத்து ஒரு இழுப்புதான் இழுத்தேன். அலறிவிட்டாள்.

“பின்னால இல்லமே... முன்னால! காது வரிக்கும் இழுக்குது!”

முன்னால் தொட்டேன். தொண்டைக்குழிக்கு மேலே வீங்கியிருந்தது. விரலுக்கடியில் நாடி தையல் மெஷின் மாதிரி ஓடியது. முன்கழுத்தில் யாருக்காவது சுளுக்குமா? சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

“கையை நீட்டு” என்றேன்.

நீட்டினாள். விரல்கள் நடுங்கின. சூடான சால்டரிங் இரும்பைப் பிடித்துக்கொண்டு, கடுகளவு புள்ளியில் ஈயம் வைத்த விரல்கள். ஒரு தடவைகூடத் தவறாத விரல்கள்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பூந்தமல்லியில் ஒரு கிளினிக். டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் கேட்டது: “சமீபத்துல கொரோனா வந்துச்சா?”

“வந்துச்சி. ஒரு மாசம் ஆவுது.”

“இவ்வளவு நாள் யார்கிட்ட காட்டுனீங்க?”

கஸ்தூரி என்னைக் கைகாட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்குப் புரிந்த மட்டில் இதுதான். சிலருக்கு இந்தக் கிருமி வந்து போன பிறகு தைராய்டு சுரப்பி வீங்கிக்கொள்கிறதாம். அதில் சேர்ந்திருந்த ஹார்மோன் எல்லாம் மொத்தமாக ரத்தத்தில் கொட்டிவிடும். மாடித் தொட்டி விரிசல் விட்டால் சொட்டுச் சொட்டாக வர வேண்டிய தண்ணீர் ஒரே நாளில் வருமே, அப்படி. படபடப்பு, வியர்வை, நடுக்கம், எடை குறைவது, எரிச்சல்... எல்லாம் அந்த வெள்ளம்தான். தொட்டி காலியானதும் நேர்மாறாகச் சோர்வும் குளிரும் வரலாம். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாத்திரை தொடரும். அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். “முக்கியமா யாரும் கழுத்தை உருவக் கூடாது” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

ஆக, குணம் மாறிவிட்டது என்று நாம் ஆளைத்தான் திட்டுகிறோம். ரத்தத்தைக் கேட்பதே இல்லை, இல்லையா?

வெளியே வந்ததும் கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ அந்தப் பொண்ணு திரும்பி வந்துருவா இல்ல? நீயே சொல்லுமே. நான் சொன்னா நடிக்கிறேன்னு நெனைப்பா.”

மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரத்தில் நடுக்கம் மட்டுப்பட்டது. ரிப்போர்ட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இருவரும் திருமழிசைக்குப் போனோம். நிவேதா வாசலில் நிற்க வைக்கவில்லை, தண்ணீர் கொடுத்தாள். ஆனால் முகம் கொடுக்கவில்லை. ஃபைலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். படித்த பெண்!

“கோபம் எல்லாம் இதனாலயா ஆன்ட்டி?”

“எல்லாமே தைராய்டும்மா!” என்றேன் உற்சாகமாக.

“ஃபேன் சண்டை?”

“தைராய்டு.”

“தட்டைத் தூக்கி எறிஞ்சது?”

“அதுவும் தைராய்டு!”

“நான் வெச்ச குழம்பை நாய்கூட மோந்து பாக்காதுன்னு சொன்னது?”

நான் வாயைத் திறந்தேன். கஸ்தூரி என் தொடையில் கையை அழுத்தினாள்.

“அது தைராய்டு இல்லம்மா” என்றாள் மெதுவாக. “அது கல்யாணமான ரெண்டாம் மாசமே சொன்னது. கொரோனாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது... நானு.”

காரியத்தைக் கெடுத்துவிட்டாளே பாவி!

நிவேதா ஃபைலை மூடினாள்.

“சரி அத்தை. மத்ததுக்கெல்லாம் மாத்திரை இருக்கு. இதுக்கு மட்டும் ஸாரி சொல்லுங்க, நான் பையை எடுத்துட்டு வர்றேன்.”

சொன்னாள். முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஸாரி!