முறை மச்சானுக்கும் "இல்லை"தான்

கலாஜினி டீச்சரிட்ட நாக்கைப் புடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கோணும் எண்டுதான் அண்டைக்குப் பள்ளிக்கூடம் போன நான். எனக்குக் கோவம் மூக்கு நுனியில. றால் உரிச்ச கையைக்கூட ஒழுங்காக் கழுவல்ல.

விசயம் இதுதான். என்ட மகள் நிலக்சி பத்தாம் ஆண்டு. அண்ணன்ட மகன் ஜதுர்சன் அவளுக்கு முறை மச்சான். அவனுக்குத்தான் இவள் எண்டு தொட்டில்ல கிடக்கக்குள்ளயே பேசி வெச்சாச்சு. அவன் வந்தா, கேக்காமலே அவள்ட ஃபோனைப் பறிச்சு ஆர் ஆர் கதைச்ச எண்டு பாப்பான். "மச்சான்தானே" எண்டு நானும் சிரிச்சுக்கிட்டு இருந்தன். போன கிழமை அவள் ஃபோனை முதுகுக்குப் பின்னால ஒளிச்சு, "தரமாட்டன்" எண்டுட்டாள். டீச்சர் படிப்பிச்சதாம்! கூட வந்த அண்ணனுக்கு முகம் செத்துப்போச்சு.

டீச்சர் வந்தாறுமூலையில இருந்து ஸ்கூட்டியில வாறவ. ஊதினாப் பறக்கிற உடம்பு. ஆனா வாய்! "ஓம், நான்தான் படிப்பிச்சன். இருந்து பாருங்க அக்கா" எண்டு என்னை வகுப்புல கடைசி வாங்குல இருத்தினா.

ஒரு பொடியன் ஒரு புள்ளையிட்டத் தண்ணிப் போத்தல் கேக்கோணும். அவள் "இல்லை" எண்டு சொல்லுவாள். அவன் "சரி" எண்டுட்டுப் போய் இருக்கோணும், அவ்வளவுதான் பாடம். அந்த மூதேவிகளுக்கு அது ஏலாம இரிக்கு! "ஏன்?" எண்டான் ஒருத்தன். "கொஞ்சம் தாவன், சும்மாதானே" எண்டான் மற்றவன். எல்லாரையும் டீச்சர் திரும்பத் திரும்பச் செய்ய வெச்சா. மறுகா என்ட பக்கம் கிறுகி, "நிலக்சி இல்லை எண்ட அண்டைக்கு உங்கட வீட்டுல ஆர் அக்கா சரி எண்டு சொன்ன?" எண்டு கேட்டா. வெக்கமா இருந்திச்சு. நாலு பெரிய ஆக்கள் இருந்த நாங்க, நாலு பேரும் அவளைத்தான் ஏசின.

வெள்ளிக்கிழமை அண்ணன் மகனோட வந்தார். கையில டீச்சரை மாத்தச் சொல்லி ஒரு பெட்டிசம். முப்பது பேர் கையெழுத்து வெச்சிருந்த.

"மச்சானிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லு மகளை. நீயும் இதுல கையெழுத்து வை. இல்லாட்டி இந்தச் சம்பந்தமும் இல்ல, உனக்கு அண்ணனும் இல்ல."

கூடப்பிறந்தது எண்டு எனக்கு அவர் ஒருத்தர்தான். ஜதுர்சன் கையை நீட்டி, "முதல்ல ஃபோனைத் தா" எண்டான்.

நிலக்சி என்னைப் பாத்தாள். பயந்துதான் இருந்தாள். எண்டாலும் "இல்ல" எண்டாள்.

"கேட்டதுதானே மருமகன்? கையை எடு!" எண்டு கத்தின நான். அண்ணனையும் விடல்ல. "எங்கட ஊருல வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே அண்ணன்? இது அவளுக்கு நாங்க கட்டின வீடு. கலியாணம் முடிச்சா உங்கட மகன்தான் இஞ்ச வந்து இரிக்கோணும். அவள்ட சொல்லை மதிக்காதவனுக்கு இந்த வீட்டுல என்ன வேலை? பெட்டிசத்தையும் எடுத்துக்கிட்டு நடங்க!"

அண்டைக்குச் செருப்பைப் போட்டுக்கிட்டு இறங்கின அண்ணன் இன்னும் எங்கட வாசல் மிதிக்கல்ல. நினைச்சா அழுகை வருகுது, அதை நான் மறைக்கல்ல. ஆனா அந்தப் பெட்டிசத்துல என்ட பேர் இல்ல.