விட்டு வாசித்த வரிகள்

இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதியில் நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிற வயதான சிஞ்ஞோரா, அந்த வீட்டு அம்மா, யூதப் பெண். பலெர்மோவில் யூதர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகைதான். அவருக்குக் கண்பார்வை மங்கியதிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திருப்பாடல்களை இத்தாலியனில் நான்தான் வாசித்துக் காட்டுவேன். மன்னாரில் பங்குக் கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய வாய், எனக்கு அது பெரிய பாடில்லை.

ஆனால் எனக்கொரு பழக்கம். சாவு, நடுக்கம், எலும்பு உக்குவது என்று வருகிற வரிகளை விட்டுவிடுவேன். எங்கள் ஆட்கள் கெட்டதை வாயில் எடுப்பதில்லை. புற்றுநோயைக்கூட 'அந்த வருத்தம்' என்றுதான் சொல்வோம். பெயரைச் சொன்னால் வீடு தேடி வந்துவிடும் என்றொரு நினைப்பு.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மார்பில் ஒரு கட்டி. வருகிற புதன்கிழமை ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அதை அலுமாரியில் சேலைகளுக்குள் ஒளித்துவிட்டு, கணவரிடம் மூச்சு விடவில்லை. தனியாகப் போய்வருவதாக முடிவெடுத்திருந்தேன்.

ஒருநாள் சிஞ்ஞோரா கையை உயர்த்தினார்.

"நிறுத்து. அந்தப் பாடலைப் பாடுகிறவனுக்கு நெஞ்சு நடுங்குமே, அது எங்கே? சாவுப் பயம் வந்து மூடுமே, அது எங்கே?"

அவருக்கு எல்லாம் மனப்பாடம். இத்தனை மாதமும் நான் விழுங்கியதெல்லாம் தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல வரிகளை மட்டும் வாசித்தேன் என்றேன்.

"நான் பயப்படுகிற நாளில் எனக்கு வேண்டியது அந்த வரிகள்தான். அவன் பயந்துபோனேன் என்று கடவுளின் முகத்துக்கு நேரே சொல்கிறான். அதைச் சொல்லாமல் எப்படி உதவி கேட்பது?"

சொல்லிவிட்டு, கோப்பி ஆறிப்போனதென்று ஒரு பாட்டம் திட்டினார். நான் முதலிலிருந்து வாசித்தேன், ஒன்றையும் விடாமல். சாவு என்ற சொல்லையும் வாய்விட்டுச் சொன்னேன்.

சீசாப் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தபோது கணவர் பிரான்காச்சோவில் தான் வேலை செய்கிற பட்டறையிலிருந்து திரும்பி, குசினியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சட்டியை அடுப்பில் வைக்கவும் பொறுக்காமல் சொன்னேன்.

"இஞ்சை பாருங்கோ, என்ரை மார்பிலை ஒரு கட்டி. புற்றுநோயோ எண்டு சோதிக்கப் போறன். எனக்குச் சரியான பயமாய் இருக்கு."

அவர் குழாயை மூடினார்.

"தெரியும். போன கிழமை பெர்மெஸ்ஸோ விசாக் கடதாசி தேடேக்கை அலுமாரிக்குள்ளை கடிதத்தைப் பாத்தனான். நீயாய்ச் சொல்லுவாய் எண்டு இருந்தனான். எனக்கு அந்தச் சொல்லை வாயிலை எடுக்கவே பயம்."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு கிழமையாக ஒரே கட்டிலில் முதுகோடு முதுகாகப் படுத்து, இரண்டு பேரும் தனித்தனியே பயந்துகொண்டிருந்திருக்கிறோம். கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"கடிதத்தைப் பாத்த அண்டைக்கே, புதன்கிழமைக்கு லீவு சொல்லிப்போட்டன்," என்றார். "நீ சொல்லாட்டியும் பின்னாலை வந்திருப்பன்."